பல் சாயும் பக்கம்

நெத்திலி வாங்க அவருக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

வஞ்சிரம், வவ்வால் என்றால் எல்லோரும்தான் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவார்கள். நெத்திலியை யாராவது ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணைப் பார்ப்பார்களா? அவர் பார்ப்பார். காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா எங்கள் காம்பவுண்டுக்குள் வந்தால் மற்ற ஏழு வீட்டுக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அவர் வாசலில் கூடையை இறக்குவாள். இறக்கியதும் சுவரில் சாய்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவாள்.

"இன்னா நைனா, மீனு பாக்கறியா, பொண்ணு பாக்கறியா?"

"இரும்மா. இது கண்ணு கலங்கிக் கீது பாரு."

"காலீல வலைல மாட்டிகினா உனக்குந்தான் கண்ணு கலங்கும்."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்துக்கொண்டே அந்த நெத்திலியை ஓரமாக வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்ப எடுத்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனதிலும் அப்படித்தானாம். சின்ன வயதில் தண்டையார்பேட்டையில் ஒரு பெண்ணை நாலு தடவை போய்ப் பார்த்தாராம். ஐந்தாம் தடவை போனபோது அந்த வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்ததாம். மீன்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் இதைச் சொல்லும்போது அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாருடைய கதையையோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் நடுவே முற்றம் வைத்து எட்டுக் குடித்தனம் உள்ள காம்பவுண்டு. யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் இங்கே கருப்பட்டி மண்டி வைத்திருந்தான். எனக்கு இருபத்தாறு வயது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தையல் வேலை செய்தேன். என் மிஷின் சன்னலோரம் இருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, அவருடைய சன்னல்.

அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, தனி ஆள். மதினி அவரை அண்ணாச்சி என்பாள், மீன்காரம்மா நைனா என்பாள், என் அண்ணன் கிளார்க் சார் என்பான். நான் மட்டும் எந்த முறையும் வைக்கவில்லை. 'இங்க பாருங்க' என்பேன். அவர் என்னை 'தையக்காரம்மா' என்பார். பேர் சொல்லாமலே இத்தனை வருடம் ஓடிவிட்டதால் இங்கேயும் சொல்லவில்லை.

அவருக்கு இருந்த பைத்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரும்பைச் செதுக்குகிற கட்டர். துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக மெஷின்கள் வந்து இறங்கும். எண்ணுகிறவர் இவர்தான், ஆனால் ஒரு பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியாது. மேலே எழுதியிருப்பதைப் படித்து உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிற்பாராம். அப்படி நின்று நின்று, வீட்டிலேயே ஒரு மெஷின் வைத்து இரும்பில் பள்ளமும் பல்லும் வெட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பிழைப்புக்கு இல்லை. சும்மா ஆசைக்கு.

அந்த வேலைக்குப் பேர் மில்லிங். அது என்னவென்று ஒருமுறை எனக்குச் சொன்னார்.

"லேத்துல இரும்பு சுத்தும், கத்தி நிக்கும். இத்துல கத்தி சுத்தும்மா. இரும்பு மெதுவா அதுகிட்ட வரும். நாம தள்ளவே கூடாது. வர்றத வர வுடணும்."

சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் சங்கு ஊதியது. முற்றத்தில் காய்ந்த துணிகளுக்கு மேலே உப்பு வாசனையோடு வெளிச்சம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை நிறைய இருந்தது, ஆனாலும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், மெஷின் வருவதற்கு ஆறு வருடம் முன்பே கட்டர் வாங்கத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பழைய வண்ணாரப்பேட்டை இரும்புக் கடைகளுக்குப் போய்விடுவார். கப்பல் பட்டறையில் கழித்தது, யுத்தத்துக்கு வந்து மிஞ்சியது எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். குவியல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டராக எடுப்பார். முதலில் வேட்டி நுனியால் துடைப்பார். பிறகு ஒரு கம்பியால் தட்டிக் காதில் வைப்பார், விரிசல் இருந்தால் சத்தம் சொல்லிவிடும். அப்புறம் கட்டரின் பல்லைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுப்பார். நகத்தில் மெல்லிய சுருள் எழுந்தால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மழுங்கிவிட்டது. அவருடைய இடது கட்டைவிரல் நகம் எப்போதும் கோடு கோடாக இருக்கும். கடைக்கார பாய் அவருக்கென்று ஒரு முக்காலியே போட்டு வைத்திருந்தாராம்.

சாயங்காலம் ஒரே ஒரு கட்டரோடு திரும்புவார். சில வாரம் வெறும் கையோடு வருவார். வெறும் கையோடு வருகிற அன்று முகத்தில் இன்னும் அதிக சந்தோஷம் இருக்கும்.

வாங்கியதை எல்லாம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருந்தார். ராயபுரத்துக் கடல் காற்றில் கம்மல் திருகுகூடத் துருப்பிடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லா டப்பாவையும் திறந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, புது எண்ணெய் தடவி, திரும்பச் சுற்றுவார். நான் மாதா கோயிலில் பூசை கண்டு வரும்போது தொடங்கியிருப்பார். வெயில் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்வரை அது நடக்கும். ரம்பம் மாதிரி வட்டமானது, விரல் மாதிரி நீண்டது, ஏலக்காய் அளவே இருக்கிறது என்று அவர் முன்னால் வரிசையாக மினுங்கிக்கொண்டிருக்கும். நான் சன்னலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். மதினி என் தோளில் இடித்து, "ஏட்டி, கருவாடு காயப் போட்ட மாதிரி பரப்பி வச்சிருக்காவ, அதுல என்னத்தப் பாக்க?" என்பாள்.

மெஷின் தேர்ந்தெடுத்த கதை அதைவிடப் பெரியது. ராணுவ முகாமைக் கலைத்தபோது ஒரு பெரிய மில்லிங் மெஷின் கிடைப்பதாக பாய் சொல்லி அனுப்பினார். இவர் கயிறு கொண்டுபோய் அளந்தார். அதை உள்ளே வைத்தால் இவர் வெளியே படுக்க வேண்டும். அதை ஓட்டக் கரண்டும் கிடையாது. காம்பவுண்டில் விளக்குக்கு மட்டும்தான் கரண்டு. அடுத்ததாக மேசை மேல் வைக்கிற துளை போடும் மெஷின் ஒன்று வந்தது. அதிலேயே கட்டரை மாட்டி ஓட்டிக்கொள்ளலாமே என்று பாயும் அண்ணனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அது மேலேர்ந்து கீழே அமுக்கத்தான் சார் ஆவும். பக்கவாட்டுல தள்னா தாங்காது. கட்டரு கயண்டு மூஞ்சில வியும்" என்று மறுத்துவிட்டார்.

மூன்றாவது கிடைத்ததுதான் சின்ன லேத்து. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் வீட்டில் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுவது. அதில் கட்டரை மாட்டிவிட்டு, எதிரே ஏறி இறங்குகிற ஒரு குட்டி மேடையில் இரும்பைப் பூட்டினால் மில்லிங்கும் செய்யலாம். எல்லா விதத்திலும் அவருக்கென்றே செய்தது போன்ற மெஷின். ஆனாலும் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். கடைசியில் அந்த இன்ஜினீயரின் மனைவி, கப்பல் ஏறுகிற அவசரத்தில், ஆளை வைத்துத் தூக்கி அவர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்வார்கள்.

அது வந்த பிறகு தெரிந்த விஷயம் ஒன்று. ஆறு வருடம் நகம் தேயத் தேயப் பார்த்து வாங்கிய கட்டர்களில் பாதி இந்த மெஷினுக்குப் பொருந்தாது. நடுவில் துளை உள்ள பெரிய கட்டர்கள் எல்லாம் அந்த ராணுவ மெஷின் மாதிரி பெரிய மெஷினுக்கு உரியவை. வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவற்றையெல்லாம் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுற்றி வைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் முதல்முறையாகக் கொஞ்சம் பயம் வந்தது. இந்த மனிதர் எதையும் கழித்துவிடவும் மாட்டார், எதையும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார் என்று தோன்றியது.

சாயங்காலங்களில் அவர் மிதிப்பார். இந்தப் பக்கம் நானும் மிதிப்பேன். அவர் மெஷினுக்கு ஒரு சத்தம், என் மிஷினுக்கு ஒரு சத்தம். இரண்டும் தனித்தனியாகத்தான் தொடங்கும். முற்றத்தில் வெளிச்சம் பழுப்பாகி, கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து போய் முடியும்போது கவனித்தால் இரண்டு கால்களும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். நான் வேண்டுமென்றே வேகம் மாற்றுவேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் மாறியிருக்கும். யார் யாரைத் தொடர்ந்தோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வருடம் மிதித்தார், ஒரு பொருளும் செய்யவில்லை. உருண்டைக் கம்பியைச் சதுரமாக்குவார், அவ்வளவுதான். "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்லம்மா. சரியான கட்டரு அமையட்டும்" என்பார்.

அந்த வருடம்தான் தூத்துக்குடியில் என் அக்கா இறந்துபோனாள். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஒன்றரை வயது. முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பிய அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னான். அத்தானுக்கு என்னைக் கட்டிவைப்பது என்று பேசியாகிவிட்டது. மனைவியின் தங்கையைக் கட்ட பிஷப்பின் அனுமதி வேண்டும், அதற்கும் மேற்றிராணியாருக்கு எழுதியாகிவிட்டது.

"பாஸ்குத் திருநாள் முடிஞ்சதும் கிளம்பணும்மா. அத்தான் எத்தன நாளைக்கு ஒத்தையில பிள்ளைகள வச்சுக்கிட்டு கஷ்டப்படுவாவ?"

அத்தான் கெட்டவர் இல்லை. ஆனால் என் அக்காவின் சேலைகளை மடித்து வைத்திருக்கும் பெட்டியை நான் போய்த் திறக்க வேண்டும் என்பதை நினைக்கவே என்னால் முடியவில்லை. அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் பக்கத்துக் கான்வென்ட் மதர்தான் ஒரு வழி சொன்னார்கள். அங்கே தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பதினெட்டுச் சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்து, பாஸ்குக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறுக்குள் கொடுத்துவிட்டால் அந்த வேலை எனக்கு. வேலை கிடைத்தால் போக வேண்டாம் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டான். நான் தைத்து முடிக்க மாட்டேன் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டிருப்பான்.

ஏழு கவுன் முடிந்திருந்தது. இன்னும் இருபது நாள். அன்றைக்கு என் மிஷின் நின்றுவிட்டது.

நின்றது என்றால், சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது. துணிதான் நகரவில்லை. ஊசிக்குக் கீழே, தகட்டில் இருக்கும் இடுக்கு வழியாக எழும்பி எழும்பித் துணியைத் தள்ளிவிடும் பல் ஒன்று உண்டு. சுண்டுவிரல் அகலம்தான். அதுதான் தேய்ந்து மொட்டையாகி, ஒரு ஓரம் உடைந்தும் போயிருந்தது. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி வெள்ளைத் துணியில் ஓட்டை போட்டது. என் அம்மா கொடுத்த ஜெர்மன் மிஷின் அது. மறுநாள் பிராட்வேயில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஜெர்மன் சாமான் வருவது யுத்தத்தோடு நின்றுபோய்விட்டது என்றார்கள், வேறு மிஷின் பல் இதில் உட்காராது என்றார்கள். கவுனில் நெஞ்சு முழுக்கப் பொடி மடிப்பு. கையால் தைத்தால் ஒன்றுக்கே ஒரு வாரம் ஆகும்.

திரும்பி வந்து முற்றத்தைக் கடந்து, அந்த மொட்டைப் பல்லை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் வீட்டு வாசலுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

"இத செஞ்சு தர முடியுமா?"

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வரிசை. வரிசைக்குப் பதினாலு பல்லு" என்று மெதுவாகச் சொன்னார். "செய்லாம்மா. சரியான கட்டரா பாத்து செய்லாம்."

செய்துவிடுவார் என்று நம்பிக்கையோடு வந்தேன். மறுநாள் பழைய அரம் ஒன்றைக் கரி அடுப்பில் பழுக்கவைத்துச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். இரும்பு இளகி வெட்டத் தோதாகுமாம். அதுவரை சரி. மூன்றாம் நாள் டப்பாக்களைத் திறந்தார். பல் நிறைய உள்ள கட்டரைப் போட்டால் கால்மிதி மெஷின் இழுக்காது, திணறும். பல் குறைவானதைப் போட்டால் கோடு விழும். பெரியது அதிர்கிறது, சின்னது வளைகிறது. நாலாம் நாளும் நகத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் பாய் கடைக்குப் போய் வெறும் கையோடு, அதே சந்தோஷ முகத்தோடு வந்தார். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டார்.

ஏழாம் நாள் காலையில் எனக்கு வெறி வந்துவிட்டது. முற்றத்தில் எல்லோரும் இருக்கும்போதே சன்னலில் நின்று கத்தினேன்.

"இங்க பாருங்க! நீங்க கத்தி பொறுக்கி முடிக்கறதுக்குள்ள என்னைத் தூத்துக்குடிக்கு ரயில் ஏத்திருவாங்க. அக்கா புருஷனுக்கு ரெண்டாந்தாரமா போகணும் நான். தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு எல்லாமே பாத்துக்கிட்டே இருந்தா போதும். நான் வெட்டுப்பட்டுப் போறேன்!"

மதினி ஓடிவந்து என்னை உள்ளே இழுத்தாள். மீன்காரம்மா கூடைமேல் கை வைத்தபடி அப்படியே நின்றாள். அவர் கையில் ஏதோ ஒரு கட்டர் இருந்தது. என்னைப் பார்த்தார், கட்டரைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது என்று அந்த முகத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் மிதிக்கும் சத்தம் கேட்டது. என் மிஷின் ஊமையாகக் கிடந்ததால் அது தனியாகக் கேட்டது. மூன்று சாயங்காலம். நாலாம் நாள் காலையில் பல்லைக் கொண்டுவந்தார். பழுக்கவைத்து நல்லெண்ணெயில் முக்கியதால் நீலமும் பழுப்புமாக நிறம் ஓடியிருந்தது. இருபத்தெட்டுப் பல்லும் அச்சு வார்த்த மாதிரி ஒரே அளவு. நான் பார்த்த பொருள்களிலேயே அத்தனை அழகாக ஒன்று கிடையாது.

அவரே மாட்டினார். நான் துணி வைத்து மிதித்தேன். துணி நகரவில்லை. பல் எழும்பி எழும்பித் துணியை வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அந்தப் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், துணி போகிற பக்கம். அவர் வெட்டியது எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. திருகுத் துளைகள் ஓரமாக இருப்பதால் திருப்பி மாட்டவும் வழியில்லை. பழைய பல் மொட்டையாகிவிட்டதால் அதைப் பார்த்துச் சாய்வைத் தெரிந்துகொள்ள முடியாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டாலி எழுதுகிற குண்டு எழுத்தில், பல்லின் படத்துக்குக் கீழே, 'துணி நம்ம பக்கம் வரும்' என்று குறித்திருந்தது.

"நம்ம பக்கம் எங்க வருது? அந்தப் பக்கமில்ல போகும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "நீ ஒக்கார்ற எட்த்துல நான் ஒரு தபா ஒக்காந்து பாக்கட்டா?" என்று கேட்டார்.

எழுந்து இடம் விட்டேன். என் முக்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். தகட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி முற்றத்துக்கு அப்பால் இருந்த தன் சன்னலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா போவுது" என்றார்.

"அங்க இருந்து பாத்தா?"

"வருது."

அடுப்படியில் மதினி ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை நாள் பார்த்திருந்தால் ஒரு மனிதருக்குக் கேட்கவே வேண்டாம் என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கும்! வேலைக்கு அமர்ந்த நாளிலிருந்து பெட்டிக் கணக்கில் ஒரு தப்புச் செய்யாத மனிதர், தான் நின்ற இடத்தைக் குறிக்க மறந்திருந்தார்.

அவர் எழுந்து வேகமாகப் போனார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, அது அதிசயம். டப்பாவில் கை விட்டு முதலில் அகப்பட்டதை எடுத்தார். நகத்தில் இழுக்கவில்லை, காதில் வைக்கவில்லை. காலையிலிருந்து வெயில் சாய்கிறவரை மிதித்தார். நடுவில் ஒரு பெரிய சத்தம் கேட்டது, கட்டரின் பல் ஒன்று பறந்துவிட்டது. நிறுத்தாமல் அதே டப்பாவில் அடுத்ததை எடுத்து மாட்டினார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். கரடுமுரடான பல். ஒரு பல் மற்றதைவிடத் துளி உயரம். விரலில் துணி சுற்றியிருந்தார். மாட்டி மிதித்தேன். துணி போனது.

எட்டு நாளில் பதினொரு கவுன். மதினி ஓரம் மடித்துக் கொடுத்தாள். கோபத்தை மறந்து அண்ணன்கூடப் பித்தான் எடுத்துக் கொடுத்தான். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் மதர் ஒவ்வொரு கவுனாகத் தூக்கிப் பார்த்து, உள்பக்கம் தையலோடு ஓடிய சின்னப் புள்ளிகளைத் தடவி, "இது என்ன?" என்றார்கள். உயரமாக நின்ற அந்த ஒரு பல் விட்ட தடம் அது. "மிஷின் முத்தம், மதர்" என்றேன். சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்தது. அத்தானுக்கு ஆறு மாதத்தில் வேறு இடத்தில் பெண் அமைந்தது. நல்லவள். பிள்ளைகள் அவளைத்தான் அம்மா என்கிறார்கள்.

அவர்? பழையபடி ஆகிவிட்டார். நெத்திலிக்கு அரைமணி நேரம், சனிக்கிழமை பாய் கடை, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய். சாயங்காலம் நான் கான்வென்டிலிருந்து வந்து மிதிக்கத் தொடங்கினால் அந்தப் பக்கமும் தொடங்கும். ஏதாவது கேட்பார் என்று முதல் வருடம் காத்திருந்தேன். இரண்டாம் வருடமும் காத்திருந்தேன். அவர் வேறு மதம், வேறு ஆட்கள், அண்ணன் என்னை வெட்டிப் போட்டிருப்பான். ஆனாலும் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று ஊரே சொன்னது. எதிர்ச் சன்னலில் நானும்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதை யாரும் சொல்லவில்லை.

பதினோரு வருடம் கழித்து அவர் ரிடையர் ஆகி மீஞ்சூரில் தம்பி வீட்டோடு போய் இருக்கக் கிளம்பினார். ஒரு காலை நேரம். சந்து முனையில் மாட்டுவண்டி நின்றது. மெஷினையும் டப்பாக்களையும் ஏற்றியாகிவிட்டது. அவர் மட்டும் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

திறந்து காட்டினார். எண்ணெய்க் காகிதச் சுருள்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து வாசற்படியில் வைத்தார். எல்லாம் என் மிஷினுக்கான பல். பன்னிரண்டு இருந்தன.

"அன்னிக்கு அவசரத்துல கரடா செஞ்சு குட்த்துட்டேன்ம்மா. மனசே ஆறல. வர்சத்துக்கு ஒண்ணு செஞ்சேன். எத்த குடுக்கறதுன்னு பாத்துகினே இர்ந்தேன்." படியில் அவற்றை என் பக்கம் நகர்த்தினார். "நீயே ஒண்ணு எட்த்துக்க."

குனிந்து பார்த்தேன். பதினொன்றும் வெள்ளி மாதிரி மினுங்கின. ஒன்றுக்கொன்று வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் சரியான பக்கம் சாய்ந்தவை. பன்னிரண்டாவது மட்டும் நீலமும் பழுப்புமாக இருந்தது. நான் அதை எடுத்தேன்.

"அது தப்பும்மா" என்று பதறினார். "மொதல்ல செஞ்சது. அது பல்லு அந்தாண்ட சாஞ்சிகினு கீது. ஓடாது."

"தெரியும். ஓடுறது ஒண்ணு என்கிட்ட இருக்கு. எனக்கு இதுதான் வேணும்."

அவர் என்னையே பார்த்தார். பதினோரு வருடத்தில் முற்றம் நடுவில் இல்லாமல் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். சும்மா கொடுத்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும் என்று, சுற்றித் தருவதற்கு ஒரு காகிதம் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

வண்டிக்காரன் சந்து முனையிலிருந்து குரல் கொடுத்தான். மூன்றாவது காகிதத்தை எடுத்தார். இந்த முறை நான் அவரை அவசரப்படுத்தவில்லை.